உப்பில்லாப் பருப்பு

ஆசீர் காலையில் எழுந்து பல் தேய்த்தான், குளித்தான், உப்பில்லாமல் பருப்பை அவித்துத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு சபைக்குப் போனான்.

கர்ப்பமாயிருந்த அவன் மனைவி ரூபி போன மாதம் இரத்தசோகையில் இறந்துபோனாள். பைபிளில் வரும் தானியேலைப்போல் பருப்பும் கீரையும் தண்ணீரும் போதும் என்று அவளை உபவாசம் இருக்கவைத்த பாஸ்டர் பிரசங்கித்துக்கொண்டிருந்தார்.

“நம்ம சகோதரி கடைசியா ‘அல்லேலூயா’ன்னு சொல்லித்தான் கண்ணை மூடினாங்க.”

ஆசீர் மேடையேறித் தூக்கைத் திறந்தான். “சாப்பிடுங்க பாஸ்டர்.”

சபையே பார்த்ததால் அவர் ஒரு வாய் விழுங்கினார். “உப்பு போட மறந்துட்டீங்களா தம்பி?”

“மறக்கல. நீங்க அவளுக்குச் சொன்ன பக்குவம்தான். மிச்சத்தையும் சாப்பிடுங்க.”

அவர் மென்றுகொண்டிருக்க, ஆசீர் மைக்கை எடுத்து, ரூபி கடைசியாகச் சொன்னதைச் சொன்னான்:

“ஒரே ஒரு முட்டை அவிச்சுத் தாங்களேன். பாஸ்டருக்குத் தெரிய வேண்டாம்.”