கழுத்தில் ஒரு சீட்டு

விமானம் ஏறும் வாசலில் பைகளை அளக்க நின்ற இரும்புச் சட்டம், "எனக்குள் நுழையும் பை மட்டும்தான் பயணியோடு மேலே போகலாம். நுழையாததற்குக் கட்டணம், இடமும் விமானத்தின் வயிற்றில்தான்" என்றது.

வசுமதியின் துணிப்பை உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைந்துவிட்டது. ஊதா சூட்கேஸோ பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, கம்பீரமாக உப்பி நின்றது. எவ்வளவு அமுக்கியும் நுழையவில்லை.

"உனக்கும் ஒரு டிக்கெட்டா!" என்று தலையில் அடித்துக்கொண்டே பணம் கட்டினாள் வசுமதி. ஊழியர் அதன் கழுத்தில் சீட்டு மாட்டினார்.

"கேட்டாயா? நீ ஓசியில் வருகிறாய். எனக்குத் தனி டிக்கெட்!" என்றது சூட்கேஸ்.

"ஆமாம் அக்கா" என்றது துணிப்பை.

அடுத்த பயணத்துக்கு வசுமதி துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். அலமாரி மேலிருந்து சூட்கேஸ் கத்தியது: "அங்கே என்னை விசாரித்தால் சொல், சீட்டை இன்னும் கழற்றவில்லை என்று!"