மூணு எண்ணினதும்

"மூணா? எனக்கா? அடிச்சிட்டு வேற நம்பர் போடு கெவின்!"

லாய்ட் பிங்கம் பட்டியலை விரலால் குத்தினார். டாஸ்மேனியாவில் அவர் கோடாலி வீசாத கண்காட்சி மைதானமே கிடையாது. மரம் வெட்டும் போட்டியில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போவார்கள்; மெதுவானவர்கள் சின்ன எண்ணிலேயே முதலில் தொடங்குவார்கள். முப்பது வருடமாக, இருபத்தைந்து எண்ணும்வரை காத்திருந்து கடைசியாகத் தொடங்கியவர் அவர்தான்.

"மாப்ளே, உனக்கு அறுபத்தாறு ஆச்சு. தோள்ல ஆபரேஷன் வேற," என்றார் கெவின். யாருக்கு எந்த எண் என்று முடிவு செய்பவர் அவர். "மூணு எண்ணினதும் நீ ஆரம்பி. அடுத்தவன் க்ரெக், பன்னண்டுலதான் ஆரம்பிப்பான். ஜெயிச்சிட்டுப் போயேன்!"

"எனக்கும் பன்னண்டே குடு. கெஞ்சிக் கேக்கறேன்."

"உன் வீம்பு உன்னை விட்டுப் போகாதுடா. முடியாது."

லாய்ட் தான் வெட்டவேண்டிய கட்டைக்கு எதிரே போய் நின்றார். ஹோபார்ட்டிலிருந்து வந்திருந்த மகள் மெரில் வேலியோரம் நின்று பார்த்தாள்.

பின்னாலிருந்து ஒலிபெருக்கி எண்ணத் தொடங்கியது. "ஒண்ணு... ரெண்டு... மூணு!"

லாய்ட் அசையவில்லை.

"நாலு... அஞ்சு..."

"வெட்டுய்யா!" என்று கூட்டம் கத்தியது.

"நெஞ்சு வலியா இருக்குமோ?" என்றார் யாரோ. மெரில் வேலியில் ஏறிவிட்டாள்.

"பன்னண்டு!"

பக்கத்துக் கட்டையில் க்ரெக்கின் முதல் வெட்டு விழுந்தது. மறுகணம் லாய்டின் கோடாலி மின்னியது. அதன்பிறகு நிற்கவே இல்லை. க்ரெக்கைத் தாண்டி, மற்றவர்களைத் தாண்டி, நடப்புச் சாம்பியனுக்கு ஒரே ஒரு வெட்டு பின்னால் அவருடைய கட்டை முறிந்து விழுந்தது.

இரண்டாம் இடம். ஆனால் மைதானம் எழுந்து நின்று கைதட்டியது அவருக்குத்தான்.

கெவின் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "சலுகையே வேணாம்னு கோப்பையைத் தூக்கி எறிஞ்சிட்டியேடா! மன்னிச்சிடு மாப்ளே."

லாய்ட் சிரித்துத் தலையாட்டினார்.

மெரில் அவரைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனாள். கண்ணெல்லாம் நீர். "ஒரு வருஷமா போன் பண்ணா எடுக்கறதில்ல. இப்ப இது. அப்படி என்னப்பா ரோஷம் உனக்கு?"

அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்:

"ரோஷமெல்லாம் இல்லம்மா. ஒலிபெருக்கில எண்ணினது எனக்குக் கேக்கல. பக்கத்துல க்ரெக்கோட மரச்சில்லு பறக்கறதைப் பாத்துத்தான் ஆரம்பிச்சேன்."