எந்தக் காது நடிப்பு?

“எந்தக் காது நடிப்பு? முதல்ல அதைச் சொல்லு.”

சத்தம் புகாத அறையிலிருந்து வெளியே வந்த மன்றத் தலைவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

செவித்திறனும் பேச்சும் படிக்கிறவர்களின் மாணவர் மன்றத்தில் சேர இதுதான் தேர்வு. தலைவர் உள்ளே உட்கார்ந்து ஒரு காது கேட்காதவர்போல நடிப்பார். சேர வந்தவர் வெளியிலிருந்து கருவியில் சத்தம் அனுப்புவார்; கேட்டால் தலைவர் பட்டனை அமுக்குவார். அதை வைத்து எந்தக் காது நடிப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

உறுப்பினரானால் சனிக்கிழமை வீட்டாரை அழைத்து வந்து சோதிக்கலாம். இன்று சேர வந்திருந்த மாணவிக்கு அதுதான் வேண்டும். லேத் பட்டறை இரைச்சலில் இருபத்தெட்டு வருடம் நின்று காது மந்தமான அப்பா, டாக்டர் என்றாலே, “எனக்கென்ன கேடு?” என்று வீட்டை இரண்டாக்குவார். பெண் சோதித்தால் மட்டும் உட்காருவதாகச் சொல்லியிருந்தார்.

“வலது காது நடிப்புண்ணா.”

“அட! எப்படிப் பிடிச்சே?”

“ஒரே சத்தத்துக்குத் தடவைக்கு ஒரு மாதிரி பட்டனை அமுக்கினீங்க. பொய் சொல்றவங்களுக்கு ஞாபகம் பத்தாது.”

தலைவர் சிரித்தார். செயலாளர் அக்கா அவள் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தாள்.

“ஆனா இடது காது நிஜமாவே மந்தம்ணா. கீச்சுச் சத்தத்தை மூணு தடவை வச்சேன். மூணு தடவையும் ஒரே அளவு கூட்டின பிறகுதான் அமுக்கினீங்க.”

சிரிப்பு நின்றது.

“யாருக்கு, எனக்கா? ஏம்மா, எனக்குப் பாம்புச் செவி! கடைசி பெஞ்சுல கொட்டாவி விட்டாக்கூடச் சொல்லுவேன்.”

“இன்னொரு தடவை பார்த்துடலாமே...”

“எதுக்கு? இல்லாத குறையை எழுதினா, நல்லா இருக்கிறவன் காதுல மிஷினை மாட்டிடுவே. கோட்டை விடறதைவிட அது பெரிய தப்பு.” தலைவர் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். “பாரு. ரெண்டு வருஷமா நான்தான் இங்க நோயாளி. முப்பத்தாறு பேர் சோதிச்சிருக்காங்க. அத்தனை பேரும், ‘வலது நடிப்பு, இடது நலம்.’ அவங்க எல்லாம் மண்ணு, நீ ஒருத்திதான் பொன்னா?”

அவள் பக்கத்தைப் புரட்டினாள். முப்பத்தாறு கையெழுத்து, ஒரே வரி. தன் கைமேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

“அடுத்த வருஷம் வா.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்பாவிடம் என்ன சொல்வது?

“அண்ணா, அவளைப் போகச் சொல்லாதீங்க,” என்றாள் செயலாளர். “உங்க இடது காதை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

“நீயுமா? நீ சோதிச்சப்ப ‘நலம்’னுதானே எழுதினே?”

“எழுதினேன். நீங்க எப்ப பட்டனை அமுக்கினீங்கன்னே பார்க்கல.”

“பார்க்காம எப்படி எழுதினே?”

அக்கா பதிவேட்டை மெல்ல மூடினாள்.

“வருஷா வருஷம் வலதுதானே நடிக்கிறீங்க? சேர வர்றவங்களுக்கு முந்தின நாளே விடையைச் சொல்லிடுவோம்ணா, முப்பத்தாறு பேருக்கும். இவ நேத்து லீவு. அதான் சொல்ல முடியாம போச்சு.”