முன்னால் போகிறவள்

நாகராசு டிவிஎஸ் வண்டியின் ஹாரனை விடாமல் அழுத்தினார்.

"ஏ தேவிப்ரியா, ஒதுங்குத்தா. எம்பொண்ணுக்கு வழி விடு."

தேவிப்ரியா ஒதுங்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதித்தாள். அவளுடைய பின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, நாகராசுவின் மகள் சிவரஞ்சனி ஒட்டிக்கொண்டே போனாள்.

மணமேல்குடியிலிருந்து அறந்தாங்கி போகிற ரோட்டில் தினமும் காலை ஐந்தரைக்கு இதே கூத்துதான். பக்கத்துத் தெரு தேவிப்ரியாவோடு சேர்ந்து பயிற்சி எடுக்க ஆரம்பித்து மூன்று மாதமாகிறது. ஒருநாள்கூட மகள் முன்னால் போய் நாகராசு பார்த்ததில்லை.

அவருடைய வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. ஆடிக் கடைசியில் திருச்சியில் காவிரிக்கரை சைக்கிள் பந்தயம். அதில் ஒரே ஒரு பெண்ணுக்கு மாநில விளையாட்டு விடுதியில் இடம். தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாமே அவர்கள் பொறுப்பு. சிவரஞ்சனிக்கு இந்த வருஷம் விட்டால் பதினெட்டு வயது தாண்டிவிடும். அப்புறம் கிடையவே கிடையாது.

அதனால் பயிற்சி முடிந்ததும் கொண்டுவந்த இரண்டு அவித்த முட்டைகளையும் மகள் தன் கண்ணெதிரிலேயே தின்று முடிக்கும்வரை நாகராசு நகரமாட்டார். தப்பித்தவறி ஒன்று அந்தப் பக்கம் போய்விடக் கூடாதே.

"அவ சிரிச்சுப் பேசிக்கிட்டே ஒன்னய அமுக்குறா. ஒனக்குப் புரியல," என்றார் வீட்டுக்கு வந்து.

"இல்லப்பா, காத்து எதுக்க அடிக்கிறப்ப..."

"காத்தப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?"

முப்பது வருஷம் கடலுக்குப் போன மனுஷர். வீசுவது மேற்கத்திக் கச்சானா கிழக்கத்திக் கொண்டலா என்று காது மடலில் பட்டதுமே சொல்லிவிடுவார். அவர் முன்னால் காற்றைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. மகளும் வாயை மூடிக்கொண்டாள்.

பந்தயத்தன்று காற்று பேயாக அடித்தது. காவிரிக்கரையோடு முக்கொம்பு வரை இருபது கிலோமீட்டர், முழுக்க எதிர்க்காற்று. பெற்றோர்களை ஒரு வேனில் ஏற்றிப் பின்னாலேயே கூட்டிப்போனார்கள். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க என்றார், கறம்பக்குடியிலிருந்து வந்திருந்த ஒருவர்.

நாகராசுவுக்கு அது போதாதா? இது கச்சான், மேற்கேயிருந்து வருகிறது, எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டவனுக்குத்தான் அந்த வலி தெரியும் என்று வேன் முழுக்கப் பாடம் நடத்தினார்.

ரோட்டில் என்றைக்கும் போல தேவிப்ரியாதான் முன்னால். அதே ஒரு முழத்தில் சிவரஞ்சனி. விலை உயர்ந்த சைக்கிளில் வந்த திருச்சிப் பெண்கள்கூட அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். பத்து கிலோமீட்டர், பதினைந்து, பத்தொன்பது. வேன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, தாண்டு தாண்டு என்று கத்தி நாகராசுவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

முடிகிற இடத்துக்கு முந்நூறு மீட்டர் இருக்கும்போது தேவிப்ரியா சட்டென்று இடது பக்கம் ஒதுங்கினாள். சிவரஞ்சனி அவளைத் தாண்டிப் பாய்ந்தாள். முதலிடம்.

தேவிப்ரியாவை அதற்குள் ஐந்து பேர் முந்திவிட்டார்கள். ஏழாவதாக வந்து சேர்ந்து, ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

நாகராசுவால் சும்மா இருக்க முடியவில்லை. நேரே அவளிடம் போனார்.

"மூணு மாசமா முன்னாடி முன்னாடி போனியே, கடைசியில என்னாச்சு பாத்தியா?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஆமா மாமா, முடியல. ரஞ்சனி பேர எழுதிட்டாங்களா?"

எழுதிவிட்டார்கள். மேஜையருகே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மகளிடம், தேவிப்ரியா மட்டும் ஒதுங்காமல் இருந்திருந்தால் இந்த இடத்தைத் தட்டிக்கொண்டு போயிருப்பாள் என்றார்.

சிவரஞ்சனி பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அவளுக்கு எப்படிப்பா எடம் குடுப்பாங்க? பந்தயத்துல யாரு வேணா ஓட்டலாம், எடம் பதினெட்டுக்குள்ள இருக்கவங்களுக்குத்தான். அவளுக்கு வயசு தாண்டி ரெண்டு வருஷமாச்சு."

"அப்பறம் எதுக்கு அவ முன்னாடியே போனா?"

"முன்னாடி போறவங்க காத்த வாங்கிக்கிட்டா, ஒட்டி வர்றவளுக்குப் பாதிக் கஷ்டம் கெடையாது. அத சொல்ல வந்தா நீங்க எங்க கேட்டீங்க?" தேவிப்ரியா உட்கார்ந்திருந்த பக்கம் கையைக் காட்டினாள். "அவ இந்த எடத்துக்குப் போட்டி போட்ட வருஷம் அவளுக்கு முன்னாடி போக ஆளில்லப்பா. காத்துல தனியா மிதிச்சு மூணாவதா வந்தா."

நாகராசுவின் காது மடலில் கச்சான் வந்து மோதியது. ஹாரன் அடித்த கை கூசியது.

அடுத்த வாரம் சிவரஞ்சனி விடுதியில் சேர்ந்துவிட்டாள். தேவிப்ரியாவுக்குத் தை மாதம் கல்லூரிகளுக்கு இடையிலான பந்தயம் இருந்தது. திங்கட்கிழமை ஐந்தரைக்கு அறந்தாங்கி ரோட்டில் தனியாக மிதித்துக்கொண்டிருந்தாள். எதிர்க்காற்று ஆளைப் பின்னால் தள்ளியது.

பின்னால் டிவிஎஸ் சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹாரன் அடிக்கவில்லை. வண்டி அவளைத் தாண்டி வந்து, அவளுக்கு நேர் முன்னால் ஓட ஆரம்பித்தது.

"ஒட்டி வாத்தா," என்றார் நாகராசு, திரும்பாமலே. "காத்த நான் பாத்துக்கிறேன்."