கண்ணாடியின் ஓரம்

தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடப்பக்கம் ஓட்டினார்.

பச்சை நிறம் ஒன்று தெரிந்தது. அவ்வளவுதான்.

அந்தப் பச்சைப் புடவைக்குள் அவருடைய மகள் இருந்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கலங்கல்.

மறுபடி ஓட்டினார். பச்சை வளைந்தது. பக்கத்துத் தூணும் சேர்ந்து வளைந்தது.

மேடையில் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்த மைத்துனர் மகன் துல்லியமாகத் தெரிந்தான். அவன் காது மடலில் ஒட்டியிருந்த சந்தனம்கூடத் தெரிந்தது. மாப்பிள்ளையைப் பார்ப்பதற்காக ஒன்றும் அவர் விருதுநகரிலிருந்து மதுரைக்கு வரவில்லை.

புதுக் கண்ணாடி. போட்டு நாலு நாள் ஆகிறது. நடுவில் கோடு இல்லாதது. மேலே தூரம், கீழே கிட்டம், இடையில் இரண்டும் கெட்டான். ஓரம் மட்டும் கலங்கும், போகப் போகப் பழகிவிடும், அதுவரை கண்ணைத் திருப்பாமல் தலையைத் திருப்பிப் பாருங்கள் என்று கடைக்காரப் பெண் சொல்லியிருந்தாள். சரி சரி என்று கேட்டுக்கொண்டார். தலையைத் திருப்ப முடியாத மனிதர் இவர் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

நாலு வருடமாக அவர் மகளை நேராகப் பார்த்ததில்லை.

சுகந்தி தன் இஷ்டத்துக்குப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, இனி அவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது என்றும் சொன்னார். சொன்னால் சொன்னதுதான் என்று அவருக்கு ஊரில் பெயர். அதைக் காப்பாற்றுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

பார்க்காமல் இருந்தாரா என்றால், இல்லை.

கல்யாணமோ, காதுகுத்தோ, துக்க வீடோ, அவள் எங்கே வந்தாலும் முகத்தை எதிரே வைத்துக்கொண்டு கண்ணை ஓரத்துக்கு அனுப்பிவிடுவார். இளைத்திருக்கிறாள். போன தடவைக்கு இந்தத் தடவை பரவாயில்லை. இப்படி ஏதாவது ஒன்று கிடைத்தால் ஆறு மாதம் அதை வைத்தே ஓட்டிவிடுவார். இது யாருக்கும் தெரியாது என்பது அவர் எண்ணம்.

சித்திரையில் ஒரு நாள், மனைவி அடுப்படியில் நின்று போனில் மெதுவாகப் பேசியது காதில் விழுந்தது. கழுத்தில் கட்டி. ஆபரேஷன். எடுத்தாயிற்று.

அதற்கு மேல் எதுவும் விழவில்லை. கேட்க வேண்டுமென்றால் பேரை எடுத்தாக வேண்டும்.

ஐந்து மாதம் கேட்கவில்லை. சோறு இறங்காத நாட்கள் அதில் நிறைய.

மைத்துனர் மகன் கல்யாணத்துக்கு அவள் வருகிறாள் என்று தெரிந்ததும்தான் கண்ணாடிக் கடைக்கே போனார். இந்தத் தடவையாவது நன்றாகப் பார்த்துவிட வேண்டும். பழைய ஃபிரேமிலேயே புது லென்ஸைப் போடச் சொல்லிவிட்டதால் இனி பழையதற்குத் திரும்பவும் வழியில்லை.

கழற்றிப் பார்த்தார். பச்சையும் போய்விட்டது. மாட்டிக்கொண்டார்.

மெல்லத் தலையைக் கால்வாசி திருப்பினார்.

"யாரத் தேடுறீக அத்தான்?" என்றார் பின்வரிசையிலிருந்து இன்னொரு மைத்துனர்.

"ஃபேன் ஓடுதான்னு பாத்தேன்."

ஃபேன் தலைக்கு நேர் மேலே ஓடிக்கொண்டிருந்தது. மனைவி அதை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

கெட்டிமேளம் கொட்டியது.

எல்லாரும் எழுந்தார்கள். எல்லா முகமும் மேடைக்குப் போயிற்று. இந்த ஒரு நிமிடம் தன்னை யாரும் பார்க்க மாட்டார்கள்.

முழுசாகத் திரும்பினார்.

சுகந்தி மேடையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டென்று முகத்தை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. மனசு வரவில்லை.

அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கழுத்தை மூடிக் கிடந்த ஆரத்தை ஒரு விரலால் விலக்கினாள். மோவாயை மேலே தூக்கிக் காட்டினாள். பள்ளிக்கூடம் போகிற வயதில், பவுடர் போட்டுவிடச் சொல்லி இப்படித்தான் கழுத்தைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பாள்.

ஒரு கோடு தெரிந்தது. ஆறியிருக்கிறதா, இல்லையா? அத்தனை தூரத்திலிருந்து பிடிபடவில்லை.

நடந்தார்.

தரை ஏறி இறங்கியது. விரிப்பின் விளிம்பைப் படி என்று நினைத்துக் காலைத் தூக்கி வைத்தார். படி இல்லை. நாற்காலி முதுகுகளைப் பிடித்துப் பிடித்துப் போனார். பின்னாலிருந்து யாரோ எறிந்த அட்சதை மேடைவரை போகாமல் அவர் தோளில் விழுந்தது.

அவள் முன்னால் போய் நின்று தலையை நிமிர்த்திக் கண்ணைத் தாழ்த்தினார். கலங்கியது. இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார்.

இப்போது தெரிந்தது. நாலு விரற்கடை நீளம். இளஞ்சிவப்பு. ஆறித்தான் இருந்தது.

"கண்ணாடி மாத்திட்டீங்களாப்பா?" என்றாள்.

அவர் கண் அந்தக் கோட்டிலேயே இருந்தது.

"ரொம்ப வலிச்சுதாம்மா?"

மேளச் சத்தத்தில் அவள் காதில் விழாமல் போய்விடும் என்று உரக்கத்தான் கேட்டார். மேளம் அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. மண்டபத்துக்கே கேட்டது. நாலு வருடத்துக்கு முன்னால் அவர் சொன்னதை நின்று கேட்ட அத்தனை பேரும் மேடையை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் இன்னொரு தடவை கேட்டார்.