அலைவரிசை மாறும் நேரம்

"அந்த நம்பர இன்னைக்கு மாத்தாதீங்க தங்கச்சி. என் வீட்டுக்காரரு கேட்டுக்கிட்டு இருக்காரு."

தொலைபேசியில் வந்த பெண்குரல் கரகரத்தது. பதுளை நகரில் ஒரு துணிக்கடையின் மாடியில் இயங்கிய அந்தச் சின்ன வானொலி நிலையத்தில், அறிவிப்பாளர் அகஸ்டினா காலையிலிருந்து இப்படியான அழைப்புகளுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு நிலையம் பழைய அலைவரிசையை விட்டுப் புதியதற்கு மாறுகிறது.

"பயப்படாதீங்க அக்கா. அதே பாட்டு, அதே நிகழ்ச்சி, பேசப்போறதும் நான்தான். றேடியோ முள்ள கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினா போதும்."

"அவரால திருப்ப முடியாதே."

"அப்ப நீங்க திருப்பிக் குடுங்க."

"என்னையக் கிட்ட போக விட மாட்டேங்கிறாங்க."

அழைப்பு அறுந்தது. வெளியே விடாத மழை.

"இன்னொரு புகாரா?" என்று கேட்டபடி நிலைய மேலாளர் ஜோன்சன் உள்ளே வந்தார்.

"நான் போன வாரமே சொன்னேன் சேர். தேயிலத் தோட்டத்துல பாதிப் பேருகிட்ட பழைய றேடியோ. முள்ளு வச்ச இடத்துலயே நிக்கும். நாம போயிட்டா வேற ஏதாச்சும் கேட்டுக்கிட்டு இருந்துருவாங்க."

"கேளு அகஸ்டினா. பக்கத்து நம்பர்ல ஒரு பெரிய ஸ்டேஷன் வந்து உக்காந்திருக்கு. ஹாலிஎல தாண்டினா நம்ம சத்தத்த அது முழுங்கிருது. புது நம்பர்ல வெலிமடை, பண்டாரவளை எல்லாம் தெளிவா கேக்கும். கொஞ்சப் பேரு போவாங்க. நெறையப் பேரு வருவாங்க."

மறுபடி மணி அடித்தது. அதே குரல்.

"நான் விஜயலெட்சுமி. நமுனுகுலைக்கு மேல, தோட்டத்துல இருந்து பேசுறேன். லைன் கட்டாயிருச்சு."

அகஸ்டினா ஜோன்சனுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள். "அண்ணனுக்கு சுகமில்லையா அக்கா?"

"காய்ச்சல். நேத்து காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்குக்கூடப் போகாம லயத்து வீட்டுலயே படுத்திருந்தாரு. தலமாட்டுல றேடியோ. நான் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நின்னேன். மழைக்கு மேட்டு மண்ணு அப்படியே எறங்கி லயத்த மூடிருச்சு. மத்த ஆளுங்க ஓடி வந்துட்டாங்க. இவரு வரல."

அகஸ்டினா ஓடிக்கொண்டிருந்த பாட்டின் சத்தத்தைக் குறைத்தாள்.

"பட்டாளத்துல இருந்து ஆமிக்காரங்க வந்து தோண்டினாங்க. வீரசிங்கம், வீரசிங்கம்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தாங்க. பதில் இல்ல. மேல மலை இன்னும் வெடிச்சு விரிஞ்சிருக்கு, உள்ள உசுரு இருக்காதுன்னு நிறுத்திட்டாங்க. ஆனா றேடியோ நிக்கல தங்கச்சி. நசுங்கின தகரத்துக்கு அடியில பாடிக்கிட்டே இருக்கு. காலையில நீங்க பொறந்தநாள் வாழ்த்து சொன்னீங்கல்ல? மண்ணுக்குள்ள இருந்து வந்துச்சு. சனமெல்லாம் பேயின்னு பயந்து ஸ்கூல்ல போயி இருக்குதுங்க."

காலையில் யாரோ ஒரு குழந்தைக்கு அகஸ்டினா சிரித்துச் சிரித்து வாழ்த்துச் சொல்லியிருந்தாள். அந்தச் சிரிப்பு மண்ணுக்கடியில், இருட்டில், ஓர் உடம்பின் தலைமாட்டில் ஒலித்திருக்கிறது.

"பேட்டரி தீர்ற வரைக்குமாச்சும் அது பாடட்டும். அது நின்னுட்டா, அவரு போயிட்டாருன்னு நான் ஒத்துக்கணும். என்னால முடியல."

ஜோன்சன் தன் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரிடமோ கெஞ்சுவது கேட்டது. திரும்பி வந்தவரின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"லைசென்ஸ் குடுக்குறவங்ககிட்ட இன்னும் ஒரு நாள் தாங்கன்னு கேட்டேன். பழைய நம்பருக்கு அனுமதி பன்னிரண்டோட முடியுதாம். மீறினா புதுசும் கெடைக்காது. மன்னிச்சிருங்க அம்மா."

விஜயலெட்சுமி அழைப்பைத் துண்டித்தாள்.

நேரம் நெருங்கியதும் அகஸ்டினா ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தாள். "நேயர்களே, உங்கள் வானொலியின் முள்ளை மெதுவாக வலப்பக்கம் திருப்புங்கள். அங்கே காத்திருக்கிறோம்" என்றாள். யாருக்குச் சொல்கிறோம் என்று நினைத்தபோது குரல் உடைந்தது. பழைய அலைவரிசை அடங்கியது. புதியதில் ஒரு நாதஸ்வர இசையை ஓடவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு விஜயலெட்சுமியை அழைத்தாள்.

"அக்கா... நின்னுருச்சா?"

"நின்னுருச்சு. வெறும் இரைச்சல்தான் வருது." விஜயலெட்சுமி வாய்விட்டு அழுதாள். அகஸ்டினா தொலைபேசியை வைக்க மனமில்லாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திடீரென அழுகை நின்றது.

"தங்கச்சி, ஒரு சிங்களப் பாட்டு கேக்குது."

"எங்க இருந்து?"

"மண்ணுக்குள்ள இருந்து." குரல் கிசுகிசுப்பாகியது. "இப்ப அது போயிருச்சு. யாரோ ஒரு ஆம்பள செய்தி வாசிக்கிறாரு... ஐயோ, அதுவும் போயிருச்சு. திரும்ப இரைச்சல். காவலுக்கு நின்ன ஆமிக்காரரும் பின்னுக்குப் போறாரு. எனக்குப் பயமா இருக்கு."

"மாதாவே" என்று முணுமுணுத்தாள் அகஸ்டினா. ஜோன்சன் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்.

"இப்ப நாதஸ்வரம் கேக்குது தங்கச்சி. நல்லாக் கேக்குது. நீங்களா போடுறீங்க? பழைய நம்பர நிறுத்தலையா?"

அகஸ்டினா ஜோன்சனைப் பார்த்தாள். அவர் இல்லையென்று தலையாட்டினார். பழைய ஒலிபரப்பியின் மின்சாரத்தையே துண்டித்தாயிற்று.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சரிந்து விழுந்தது.

"அக்கா, ஓடிப்போயி அந்த ஆமிக்காரரப் பிடிங்க! பழைய நம்பர்ல நாங்க இல்ல. உங்க வீட்டுக்காரருதான் உள்ள இருந்து முள்ளத் திருப்புறாரு!"