கேமரா சொன்ன இனம்

ஓய்வுபெற்ற தாசில்தார் அருமைநாயகத்துக்குப் பட்டாம்பூச்சிப் பைத்தியம். புழுக்கள் பட்டினி கிடக்கும் என்று மனைவி கனகவல்லியைக் கறிவேப்பிலை பறிக்கவே விடமாட்டார். எந்த உயிரைக் காட்டினாலும் இனமும் குணமும் சொல்லும் கேமராவின் பேச்சு அவருக்கு வேதவாக்கு. "அது தப்பே சொல்லாதுடி!"

இன்று கறிவேப்பிலைச் செடியடியில் குந்தியிருந்தவர், முட்டிவலி தாளாமல் கேமராவைக் கீழே வைத்தார். கனகவல்லி அதை எடுத்து அவரையே படம் பிடித்தாள்.

"ஓய்வுபெற்ற ஆண். எங்கும் காணப்படும் இனம். பசித்தால் மட்டும் வீட்டுக்குள் வரும். இணையைக் கண்டுகொள்ளாது," என்றது கேமரா.

அருமைநாயகம் முதன்முறையாகப் 'பிழை' பொத்தானை அழுத்தினார்.

"திருத்தம் செய்ய இணையின் ஒப்புதல் தேவை."

பதவியில் இருந்தபோது ஒப்புதலுக்காக ஊரையே அலையவிட்டவர் அசடு வழிய மனைவியைப் பார்த்தார்.

"மொதல்ல கறிவேப்பிலை பறிச்சுக் குடுங்க," என்றாள் கனகவல்லி. "அப்புறம் யோசிக்கிறேன்."